உருண்டையில் ஊர்காவற்றுறை

எங்கள் உலகத்தின் முதல் வரைபடத்தை நாங்கள் குதிக்காலால்தான் கீறினோம். மாரி ஓய்ந்து, மண் இறுகி, பனைவடலிப் பக்கமிருந்து குளிர் மெல்ல எழும்பி வருகிற தை மாதத்து மாலைகளில், ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெளியில் ஒருவன் குதியை ஊன்றி மண்ணை இழுத்தபடி பின்பக்கமாக நடப்பான், அவன் நடந்து முடித்த வழியே நடுக்கோடு, பிறகு குறுக்கே நாலைந்து கோடுகள், சுற்றிவர ஓர் எல்லை, கிளித்தட்டு தயார். கோட்டில் நின்று மறிப்பவன் கோட்டை விட்டு இறங்கக் கூடாது, பெட்டிக்குள் நிற்பவன் அடிபடாமல் அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும், கிளி மட்டும் நடுக்கோட்டில் பறந்து திரியும். எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி அயல், எங்கே வழி திறக்கும், எங்கே மறிபடும் என்பதைத் தவிர அந்த விளையாட்டில் வேறொன்றும் இல்லை. இன்று கணினியில் ஆடப்படுகிற வியூக விளையாட்டுகளுக்கும் உயிர் அதுவேதான் என்று அப்போது எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இருட்டியதும் கோடுகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இரவுக் காற்று அழித்துவிடும். மறுநாள் புதிதாகக் கீறுவோம்.

உலகம் உருண்டை என்பது எனக்குப் பிறகு வந்த செய்தி. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பூகோள உருண்டை இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருப்பார்கள், தவணைக்கு ஒருமுறை பூமிசாஸ்திர சேர் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் வருவார். சாதாரண மேசைப் பூகோளத்தில் இலங்கை ஒரு சென்ரிமீற்றர்தான். சுண்டுவிரல் நகத்தால் முழு நாட்டையும் மூடிவிடலாம். எங்கள் தீவுகளைத் தேடி நான் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனேன். வடக்கு மூலையில் நீல மை கொஞ்சம் கசிந்திருந்தது, அவ்வளவுதான். சேர் என் தோளில் கை வைத்து, "அதுக்குள்ளதான் இருக்கிறாய் மோனே, பிழையில்லை, இரு" என்றார். அந்தச் சொல்லை நாற்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அந்த வயதில் எனக்குத் தெரிந்த உருண்டைகள் வேறு இரண்டு. ஒன்று அம்மம்மா பின்னித் தருகிற ஓலைப்பந்து. பெயர்தான் பந்து, தென்னோலையை மடித்து மடித்துப் பின்னும்போது ஆறு பக்கமும் எட்டு மூலையுமாகப் பெட்டிபோல வந்துவிடும், உருட்டினால் நேரே ஓடாமல் தத்தித் தத்திப் போய் எங்காவது படலையடியில் நிற்கும். மற்றது உதைபந்து. தீவுப்பகுதி ஊர்களில் உதைபந்தின்மேல் இருக்கிற பைத்தியத்தைத் தீவார் யாரிடமும் விளக்கவேண்டியதில்லை. 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்துக்கு அடிடாஸ் செய்த ரெல்ஸ்ரார் பந்தின் கறுப்பு வெள்ளைக் கோலம் பிறகு எல்லா ஊர்ப் பந்துக்கும் வந்துவிட்டது; எங்கள் ஊருக்கும் வந்தது. காற்றுப் போன அப்படியொரு பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க எண்ணினேன். கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. எண்ணிய இடத்தையே திரும்ப எண்ணாமல் இருக்கச் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளியிட்டேன். எதற்காக எண்ணினேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. வேலையில்லாத மத்தியானங்கள் நமக்கு அப்போது நிறைய இருந்தன, உங்களுக்கும் இருந்திருக்கும், அந்த மத்தியானங்கள்தான் பிறகு வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டன.

எங்கள் ஊரை வேறு ஆட்கள் வரைந்த கதை இதற்கெல்லாம் மூத்தது. யானைகளைக் கப்பலேற்றிய துறை என்பதால் போர்த்துக்கேயர் இதை யானைத்துறை என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். துறைக்கு அவர்கள் சொன்ன 'கைஸ்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கேற்ஸ் ஆகி இன்றும் பேருந்துப் பலகையில் நிற்கிறது. 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை மூட்டையாகக் கொண்டுவந்து தீவுகளுக்கு இறைத்தார்கள்: வேலணை லைடன், காரைநகர் அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். வரைபடத்தில் இலங்கை அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையிறைச்சிபோலத் தெரிந்ததால், மேல்நுனியில் இருக்கும் கோட்டை அந்தத் தொடையின் குதிகாலாம். ஒரு நாட்டின் உருவத்தைத் தாளில் பார்த்துவிட்டு அதற்குத் தங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து பெயர் வைத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. தாளில் பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும். நான் கோட்டையைப் பார்த்தது துறையடியிலிருந்து. எனக்கு அது எப்போதும் கரைக்கு வர மறந்து நின்றுவிட்ட ஒரு கப்பல்.

துறையடி என்றதும் 'பாதை' நினைவுக்கு வராமல் இருக்குமா? வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பெயர் பாதை. எதிர்க்கரை கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். அங்கே நடக்கிற ஆளின் சட்டை நிறம்கூடத் தெரியும். ஆனால் பாதை ஓடாத நாளில் அந்தக் கரைக்குப் போக வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணப் பட்டினத்துக்கே போய், அங்கிருந்து வட்டுக்கோட்டைப் பக்கமாகத் திரும்பி வரவேண்டும். நாற்பது கிலோமீற்றருக்கு மேல். தூரம் என்பது கோல் வைத்து அளக்கிற விஷயம் அல்ல, எதற்கும் எதற்கும் இடையில் வழி இருக்கிறது என்பதுதான் தூரம் என்று அந்த மிதவைதான் எனக்குச் சொல்லித் தந்தது. மிதவைக்குப் பாதை என்று பெயர் வைத்த எங்கள் முன்னோர், வரைபடக் கலையின் பாதியை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் தீவுகள் வெறிச்சோடியபோது நாங்களும் புறப்பட்டோம். அந்தப் புறப்பாட்டை இங்கே விரிக்கப் போவதில்லை. அதை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவில் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை வராத பனிக்காலக் காலைகளில், அறையில் கூட இருந்த நண்பன் பழையதாக வாங்கி வைத்திருந்த கணினியில் 'சிவிலைசேஷன்' என்ற விளையாட்டைக் கண்டேன். மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் சிட் மையர் செய்து 1991இல் வந்தது. கருந்திரையில் ஒரு சிறு நிலத்துண்டு, அதில் குடியேற வந்த ஒரு கூட்டம், சுற்றிலும் தெரியாத இருள். எண்பலகையின் எட்டுச் சாவிகளால் எட்டுத் திசையும் நகரலாம். நகர நகர இருள் விலகிக் கடலும் காடும் தெரியும். ஊரை விட்டு வந்த ஒருவனுக்கு அந்த இருள் விலகும் கணம் என்னவாக இருந்திருக்கும் என்று உங்களால் எண்ணிப் பார்க்க முடியும். வேலைக்குப் போகவேண்டிய நேரம் வரை அசையாமல் இருந்தேன்.

அந்த உலகம் 80 கட்டம் நீளம், 50 கட்டம் உயரம். மொத்தம் 4,000 சதுரங்கள். நான் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கி அந்த அளவுக்கே உண்மையான உலகத்தைக் கையால் வரைந்து பார்த்தேன். கணக்கு உடனே கையைப் பிடித்துவிட்டது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். எண்பதால் பிரித்தால் ஒரு கட்டம் 500. பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திர முனை வரை இலங்கையின் நீளமே ஏறக்குறைய 430தான். முழு நாடும் ஒரு கட்டத்துக்குள் அடங்கி இடமும் மிஞ்சியது. கண்டியும் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே சதுரம். யாருக்கும் யாரோடும் எல்லை இல்லை. அன்று காலை அந்த ஒற்றைச் சதுரத்துக்குப் பச்சை மை தீட்டிவிட்டு, பென்சிலைக் கூராக்கி, அதன் மேல் இடது மூலையில் புள்ளி ஒன்று வைத்தேன். விளையாட்டுக்கு அந்தப் புள்ளியால் எந்தப் பயனும் இல்லை. வைக்காமல் இருக்க முடியவில்லை. சேர் சொன்னதுதான்: அதுக்குள்ளதான் இருக்கிறாய், இரு.

வரைய வரைய வேறொன்று தெரிந்தது. கிழக்கே போய்க்கொண்டேயிருந்தால் மேற்கால் திரும்பி வரலாம். வடக்கே போனால் பனிக்கட்டிச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. அந்த உலகம் உருண்டையே அல்ல, புட்டுக்குழல். பக்கவாட்டில் சுருட்டி ஒட்டிய தாள், மேலும் கீழும் திறந்தபடி. பிறகு டென்மார்க்கில் ஓகூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கி 1996இல் வெளியிட்ட 'ஃப்ரீசிவ்' கைக்கு வந்தது. அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும்கூட ஒட்டிவிடும் வசதி பின்னர் அதில் வந்தது. வடக்கே போனால் தெற்கால் வரலாம் என்றதும் உருண்டை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: குழலை வளைத்து இரு வாயையும் பொருத்தினால் வருவது உருண்டை இல்லை, உழுந்து வடை. நடுவில் ஓட்டையுள்ள உலகம். நிலப்படக் கலைஞர்கள் கூம்பில் சுற்றியும் உலகைத் தாளில் விரிப்பார்கள் என்று நூலகத்தில் படித்தபோது, அம்மம்மாவின் நீத்துப்பெட்டி கண்முன் வந்தது. குழல், வடை, நீத்துப்பெட்டி: எங்கள் குசினியில் இருந்த உருவங்களையெல்லாம் உலகத்துக்கு அணிவித்துப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் அளவாக இல்லை.

அளவில்லை என்றால் என்ன, விளையாட்டுத்தானே என்று நண்பன் கேட்டான். 1990களின் பிற்பகுதியில் நான் முதன்முறை இலங்கைக்குப் பறந்தபோது அவனுக்குச் சொல்ல விடை கிடைத்தது. ரொறன்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் கிழக்கே போகும் என்றுதான் தட்டையான படத்தில் வளர்ந்த எவரும் நினைப்போம். அது வடகிழக்காக ஏறிப் போயிற்று. உருண்டையின் மேல் குறுக்கு வழி அப்படித்தான். புட்டுக்குழல் உலகத்தில் ரொறன்ரோவும் ஊர்காவற்றுறையும் உண்மையில் இருப்பதைவிட விலகி நிற்கின்றன. வடக்கு ஒரு சுவராக இருக்கிற உலகத்தில் எனக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இல்லாத தூரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உருண்டையாக வரையவேண்டும் என்ற என் பிடிவாதத்துக்குக் காரணம் கணிதம் என்று அந்த நாள்களில் எல்லோரிடமும் சொன்னேன். காரணம் இதுதான்.

அன்றிலிருந்து இன்றுவரை வியூக விளையாட்டுகளுக்கு உருண்டை வரைபடம் கட்டுவது என் மாலை வேலை. சம்பளம் இல்லாத வேலை. முதலில் எட்டிப் பார்த்தவை உருண்டைபோலத் தோற்றம் மட்டும் காட்டியவை. 1994இல் வந்த 'யூஎஃப்ஓ' விளையாட்டில் பூகோளத்தை விரும்பியபடி சுழற்றலாம். பூட்டிய கண்ணாடி அலுமாரியிலிருந்து கடைசியாக அது என் கைக்கு வந்ததுபோல இருந்தது. ஆனால் சண்டை தொடங்கியதும் தட்டை நிலம்தான். 2005இல் வந்த நாலாவது 'சிவிலைசேஷன்' பின்னோக்கி விலகிப் பார்த்தால் உலகை உருண்டையாகக் காட்டியது. கிட்டப் போனால் பழைய குழல். 2010இல் ஐந்தாவது வந்தபோது சதுரங்களை விட்டு அறுகோணங்களுக்கு மாறினார்கள். தேன்கூட்டுக் கட்டம் அழகானது: ஆறு அயலும் ஒரே தூரம், சதுரத்தில் இருப்பதுபோல மூலைவழி நடந்தால் தூரம் கூடுகிற வஞ்சனை இல்லை. ஆனால் அதுவும் குழலின் மேல் ஒட்டிய தேன்கூடுதான்.

உண்மையான உருண்டைக்கு முதல் வழி அம்மம்மாவின் ஓலைப்பந்து. ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் சதுரங்களைக் கீறி, அதை ஊதிப் பருக்கவைத்தால் உருண்டையாகிவிடும். கணினி வரைகலையில் பலர் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓலைப்பந்து தத்துவதற்குக் காரணமான எட்டு மூலைகள் போகாது. அங்கே நாலு கட்டம் சந்திக்கவேண்டிய இடத்தில் மூன்று சந்திக்கும், கட்டங்கள் நசுங்கும், மூலைவழி நகர்ந்த படை எந்தக் கட்டத்தில் இறங்கியது என்று நிரலே குழம்பும். இரண்டு குளிர்காலம் அந்த எட்டு மூலைகளோடு மல்லுக்கட்டினேன். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, பூங்காவின் உறைபனிக்குள் யாரோ பிள்ளை விட்டுப்போன பழைய உதைபந்து ஒன்று பாதி தெரிந்தது. கறுப்பு, வெள்ளை. சுண்ணாம்புக் கட்டியோடு உட்கார்ந்திருந்த மத்தியானம் அப்படியே எழும்பி வந்தது.

அறுகோணங்களை மட்டும் வைத்து உருண்டையை மூட முடியாது. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் முடியாது. 18ஆம் நூற்றாண்டில் கணிதர் ஒயிலர் கண்ட கணக்கு அது: ஓட்டையில்லாமல் மூடிய எந்த உருவத்திலும் முனைகளின் தொகையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும். உதைபந்தில் 60 முனை, 90 விளிம்பு, 32 முகம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் மூன்று மூன்றாகச் சந்திக்கும் அறுகோணங்களையும் ஐங்கோணங்களையும் மட்டும் வைத்துத் தைத்தால், இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் கேட்கிறது: ஐங்கோணம் சரியாக 12. அறுகோணங்கள் இருபதாக இருக்கலாம், இருபது இலட்சமாக இருக்கலாம்; ஐங்கோணம் பதினொன்றும் ஆகாது, பதின்மூன்றும் ஆகாது. தட்டையாகக் கிடக்கிற தேன்கூடு வளைந்து உருண்டையாவதற்குப் பன்னிரண்டு இடத்தில் ஒரு பக்கத்தைத் தியாகம் செய்யவேண்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டையும் சிறுவயதிலேயே எண்ணி வைத்திருந்தேன் என்ற சந்தோசத்தில் அன்று காலை எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

இன்னொரு கணக்கு அதைவிட இனித்தது. இந்த முறையில், ஒரு ஐங்கோணத்திலிருந்து அயல் ஐங்கோணத்துக்கு இருபது எட்டு வைக்கிறபடி உருண்டையைப் பிரித்தால் மொத்தம் 4,002 கட்டங்கள் வரும். கொப்பியில் வரைந்த 4,000 சதுரத்துக்கு இரண்டே இரண்டு கூட. அதே செலவில் உலகம் முழுவதும் ஏறக்குறைய சம அளவான கட்டங்கள்: தட்டைப் படத்தில்போலக் கிறீன்லாந்து வீங்கவில்லை, துருவத்தில் சுவர் இல்லை, வடக்கே போனவன் மறுபக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தான். இலங்கை அப்போதும் ஒரு கட்டத்துக்கு மேல் இல்லை. நெடுந்தீவைப்போல ஐம்பது சதுரக் கிலோமீற்றர் அளவுக்கு ஒவ்வொரு கட்டத்தையும் சிறுக்கவைத்தால் உலகத்துக்கு ஒரு கோடிக் கட்டம் வேண்டும். அன்றைய என் கணினி அதைக் கேட்டாலே மயங்கியிருக்கும்.

இனி ஒரே கேள்வி: அந்தப் பன்னிரண்டை எங்கே வைப்பது? ஐங்கோணத்தில் நிற்கும் படைக்கு அயல் ஐந்துதான். சுற்றி வளைக்க எதிரிக்கு ஓர் ஆள் குறைவாகப் போதும், தப்பி ஓட ஒரு வழி குறைவு. ஆட்டத்தின் நியாயம் அந்த இடத்தில் கொஞ்சம் வளைகிறது. ஆகவே வடிவமைப்பாளர் பலரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: ஆள் இல்லாத இடத்தில் வை, அதாவது கடலில் வை. பக்மின்ஸ்ரர் ஃபுல்லர் உலகை இருபது முக்கோணங்களாக வெட்டி விரித்த படத்தைச் செப்பனிட்டு, அந்தப் பன்னிரண்டு முனைகளும் கடலிலேயே விழும்படி உருண்டையைத் திருப்பி வைக்கும் நிலையொன்றைக் கண்டுபிடித்தார். வாடகைக் கார் நிறுவனமான ஊபர் 2018இல் பொதுவில் தந்த அறுகோண வலையும் அதே நிலையைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் மிகப் பெரிய கட்டங்கள் 122, அவற்றில் ஐங்கோணம் வழக்கம்போல 12, எல்லாவற்றின் மையமும் கடலில். கடலில் வாடகைக் கார் ஓடாதே.

நானும் பல வருடம் அப்படியே வைத்தேன். பன்னிரண்டில் ஒன்று அரபிக் கடலில், எங்கள் ஊரின் அட்சக்கோட்டுக்குச் சற்று வடக்கே விழுகிறது. அந்தப் புள்ளியைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் மனம் எங்கோ இடறும். ஆள் இல்லாத இடமா கடல்? எங்கள் தீவுகளின் பாய்மரங்கள் அந்தக் கடலோரம் மலையாளக் கரையிலிருந்து ஓடு ஏற்றி வந்தவை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை ஆட்களோடு புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. உலகம் உருண்டை என்பதை அந்த மாலுமிகள் பூகோளம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. தட்டை வரைபடக்காரன் எங்கள் தீவுகளைக் கட்டத்துக்குள் விழுங்கினான். உருண்டை வரைபடக்காரன் தன் குறையை ஒளித்துவைக்க எங்கள் கடலைத் தேடி வருகிறான். தீவில் பிறந்தவன் எந்தப் படத்திலும் 'ஒன்றுமில்லாத இடத்து' ஆள்தான்.

இப்போது உருண்டை வந்துவிட்டது. 2014இல் 'பிளானற்றரி அனிகிலேஷன்' சின்னச் சின்னக் கோளங்களையே போர்க்களமாக்கியது. 2016இலிருந்து 'றிம்வேர்ல்ட்' தன் உலகத்தை அறுகோணங்களும் பன்னிரண்டு ஐங்கோணங்களுமாகவே செய்கிறது. நான் இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டியதை இன்று ஒரு பிள்ளை ஒரு மாலையில் செய்துவிடும். நல்லதுதான், மனமாரச் சொல்கிறேன். ஆனால் உருண்டையில் ஒரு நேரத்தில் பாதிதான் தெரியும். திருப்பினால் இந்தப் பக்கம் மறையும். தாளை விரித்து முழு உலகத்தையும் ஒரே பார்வையில் பார்த்த சுகம் போய்விட்டது; வியூக விளையாட்டுக்காரர் பலர் இன்னும் தட்டைப் படத்தையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். கூரான பென்சிலால் மூலையில் புள்ளி வைக்கும் சுகமும் போய்விட்டது. கணினி எழுந்தமானமாகத் தானே கண்டங்களைப் பெற்றுப் போடுகிறது, ஆயிரம் உலகம், ஒன்றிலும் யாருடைய ஊரும் இல்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். துறையடியில் பாதைக்குக் காத்திருந்தபோது தங்கச்சியின் மகன் கைப்பேசியில் ஏதோ உலகத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். எதிரே கடற்கோட்டை, இப்போது கடற்படையின் விடுதி, மாலையானால் விளக்குப் போடுகிறார்கள். நான் என் மடிக்கணினியைத் திறந்து நான் செய்த உருண்டையைக் காட்டினேன். பன்னிரண்டின் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பன்னிரண்டில ஒண்டை இஞ்ச வைச்சால் என்ன?"

"இஞ்ச வைச்சால் எங்களுக்கு ஒரு அயல் குறைஞ்சுபோகுமடா."

அவன் எழுந்து நின்று கையை நீட்டி எண்ணினான். "காரைநகர், எழுவைதீவு, அனலைதீவு, புங்குடுதீவு, மண்டைதீவு. அஞ்சுதானே மாமா. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்குப் போய்த்தான் ஏறவேணும்."

இத்தனை வருடமாக நான் கடலில் ஒளித்துக்கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை ஐந்து விரலில் மடக்கிக் காட்டினான். பாதை வந்துவிட்டது, நாங்கள் அடுத்ததில் போவோம் என்று விட்டுவிட்டோம். அங்கேயே வாங்கில் இருந்து உருண்டையைத் திருப்பி, ஓர் ஐங்கோணத்தை ஊர்காவற்றுறையில் நிறுத்தினேன். ஒன்றை நிறுத்தினால் அதற்கு நேரெதிரில் இன்னொன்று நிற்கும். அது பசுபிக் சமுத்திரத்தில் விழுந்தது. எங்களுக்கு அடுத்த ஐந்தும் சுமார் 7,050 கிலோமீற்றர் தள்ளி ஒரு வளையத்தில் நின்றன. அவற்றில் சில நிலத்தில் விழுந்தன, யாரோ ஒருவருடைய ஊரில். அந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்திலும் அந்தந்த மக்களின் மொழியிலும் கட்டத்தில் எழுதி வருகிறேன். இன்னும் முடியவில்லை.

தம்பி தங்கச்சிமாரே, உங்களில் யாராவது ஒரு நாள் விளையாட்டுக்கு உலகம் செய்யப் போகிறீர்கள். எப்படிச் செய்தாலும் பன்னிரண்டு இடத்தில் கணக்கு இடறும். அதை யாரும் மாற்ற முடியாது. அந்த இடறலை யாரும் இல்லாத இடம் என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் கொண்டுபோய் ஒளிக்காதீர்கள். முதல் ஐங்கோணத்தை உங்கள் ஊரில் வையுங்கள். பிறகு அதன் ஐந்து அயல்களின் பெயரை எழுதுங்கள்.